பூண்டு வாங்காத சனிக்கிழமை

அந்த வருடங்களில் சனிக்கிழமை காலை என்றால் எனக்குத் தூக்கம் மட்டும்தான். மற்ற நாள்களில் விடிவதற்கு முன்பே என் கணவர் எல்லை தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். அந்தச் சத்தத்தோடு என் நாள் தொடங்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நான் செனாயில் இருக்கும் கொரியன் தொழிற்சாலைக்குப் போவேன். அங்கே அலுவலகத்தில் வேலை. யாருடைய வேலை என்று எழுதிவைக்காத எல்லா வேலையும் என்னுடையது. கண்டீனில் எண்ணெய் நாற்றம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள், கழிவறைக் குழாய் ஒழுகினாலும் என்னிடம்தான் வருவார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நம்மவர்தான். அவர் என்னை ‘அம்மா’ என்று அழைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். புதிதாக ஒரு வேலை வருகிறது என்று அர்த்தம்.

“அம்மா, புது மேனேஜரோட வைஃப் வந்திருக்காங்க. இங்கிலீஷ் சுத்தமா வரல. பாசாருக்குக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். சனிக்கிழமை காலையில மட்டும்தான் லா.”

“எனக்கு கொரியன் தெரியாதே சார்.”

“யாருக்குத்தான் தெரியும்? காய்கறி வாங்குறதுக்கு என்னா பெரிய பாஷை.”

வீட்டில் சொன்னபோது என் கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி என்னைப் பார்த்தார். “சனிக்கிழமையுமா? நீ எப்பத்தான் படுப்ப?” என்றார். வேண்டாம் என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல்தான் நான் ஒத்துக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் சனிக்கிழமை அவமானமாகப் போனது. கடலோர அடுக்குமாடிக் கொண்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு காலைச் சந்தைக்குப் போனேன். என்னைவிட ஏழெட்டு வயது சிறியவர். ஒல்லி. தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார். தொழிற்சாலையில் மேலாளர்களின் மனைவியரை ‘சமோனிம்’ என்று மரியாதையாகச் சொல்வார்கள். நானும் அப்படியே அழைத்தேன். சந்தைக்குள் நுழைந்ததும் அவர் என்னைப் பார்த்து “மூ” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த முட்டைக்கோஸைக் காட்டி “மூணா?” என்று கேட்டேன். அவர் மறுபடி “மூ” என்றார். நான் மூன்று முட்டைக்கோஸைக் கூடையில் வைத்தேன். அவர் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானே நடந்துபோய் ஒரு பெரிய வெள்ளை முள்ளங்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ‘மூ’ என்றால் அதுதான். மூன்று முட்டைக்கோஸையும் என் வீட்டில் அந்த வாரம் முழுக்கச் சாப்பிட்டோம்.

அதன்பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். ஆசையால் இல்லை. தெரியாமல் நிற்பது தெரிந்துகொள்வதைவிட அதிகக் களைப்பாக இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு, கைப்பேசியில் பாடம் கேட்பேன். பாதி நாள் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவேன். விழிக்கும்போது யாரோ ஒரு பெண் பொறுமையாக “இகோ ஒல்மாயேயோ? இகோ ஒல்மாயேயோ?” என்று என் மடியிலிருந்து விலை கேட்டுக்கொண்டிருப்பாள்.

பதினாறு வயதில் படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்த என் மகள் கொரியத் தொடர்கள் பார்க்கிறவள். அவள் உதவுவாள் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிந்த கொரியன் காதலிக்கவும் மழையில் நின்று அழவும் போதும். பூண்டுக்கு என்ன சொல் என்று கேட்டேன்.

“அலமாக், அதெல்லாம் டிராமாவுல வராதும்மா” என்றாள்.

பூண்டு ‘மனுல்’. மிளகாய் ‘கொச்சு’. இருக்கிறது என்பதற்கு ‘இஸ்ஸொயோ’, இல்லை என்பதற்கு ‘ஒப்ஸொயோ’. பாடம் நடத்தியவள் ஆங்கிலத்தில் விளக்கியபோது எல்லாமே தலைகீழாகத் தெரிந்தது. வினைச்சொல் கடைசியில் வரும், பொருளுக்குப் பின்னால் ஓர் ஒட்டு வரும் என்று ஏதோ உலக அதிசயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். நாலைந்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ‘சக்வாருல் ஜுசெயோ’ என்பதை ஏன் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவருகிறேன்? ‘சக்வா’ ஆப்பிள். ‘ருல்’ நம்முடைய ‘ஐ’. ‘ஜுசெயோ’ ‘தாங்க’. ஆப்பிளைத் தாங்க. அவ்வளவுதான். கடைசியில் வரும் ‘யோ’ நம்முடைய ‘ங்க’ செய்கிற வேலையைச் செய்கிறது. அதை விட்டுவிட்டால் ‘தா’ என்று சொன்ன மாதிரி மரியாதை போய்விடும். எண்ணும்போது மீனுக்கு ஒரு சொல், பழத்துக்கு ஒரு சொல் என்று வருவதும் புதிதில்லை. சாஆ என்ற ஊரில் நான் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மலாய் வாத்தியார் மீனுக்கு ‘ஏக்கோர்’, முட்டைக்கு ‘பிஜி’ என்று பிரம்போடு நின்று சொல்லிக்கொடுத்ததுதான். தமிழும் கொரியனும் ஒன்று என்று வாட்ஸப்பில் வரும் நீளமான செய்திகளை நான் படிக்காமல் அழித்துவிடுவேன். எனக்கு அதில் பெருமை வேண்டியிருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

மெல்ல மெல்ல முடிந்தது. சமோனிம் கேட்பார், நான் அதை மலாயில் கடைக்காரரிடம் கேட்பேன், அவர் சொல்வதை எனக்குத் தெரிந்த கொரியனில் திருப்பிச் சொல்வேன். “ஒப்ஸொயோ” என்ற சொல்லைத்தான் அதிகம் சொன்னேன். அவர் தேடும் கீரை ஒப்ஸொயோ. அவர் சொல்லும் காளான் ஒப்ஸொயோ. ஒருநாள் விலை குறைக்கச் சொல்லும் வாக்கியத்தைப் படித்துக்கொண்டு போய், குறைக்கச் சொல்லவா என்ற அர்த்தத்தில் பெருமையாகச் சமோனிமிடம் “கக்கா ஜுசெயோ?” என்று கேட்டேன். பக்கத்தில் தேங்காய் விற்ற நம் ஆள் நிமிர்ந்து பார்த்து, “காக்கா எதுக்குக்கா? கோழி இருக்கு, வாங்கிட்டுப் போங்க” என்றார். நான் சிரித்தேன். சமோனிம் காரணம் தெரியாமலே சிரித்தார். அன்றுதான் அவர் பல்லைப் பார்த்தேன்.

மற்றபடி காருக்குள் பேச்சே இருக்காது. எங்களிடம் இருந்த சொற்களெல்லாம் காய்கறியும் மீனும்தான். அவற்றை வாங்கி முடித்தபின் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார். அவருடைய பிள்ளைகள் இருவரும் சர்வதேசப் பள்ளியில். கணவர் தொழிற்சாலையிலேயே கிடப்பார். அது எனக்கே தெரியும். என் சனிக்கிழமைத் தூக்கத்தைப் பறித்தவர் என்று நான் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்த பெண்ணும் என்னைப் போலவே எங்கே சாயலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பவர்தான் என்பது அப்படி ஒரு சிவப்பு விளக்கில் தெரிந்தது. தெரிந்ததால் களைப்பு குறையவில்லை. கோபம் மட்டும் குறைந்தது. சில வாரங்களில் அவர் என்னை ‘ஒன்னி’ என்று அழைக்கத் தொடங்கினார். மகளிடம் கேட்டேன். “அக்கான்னு அர்த்தம்மா” என்றாள்.

இந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

வழக்கமாகச் சந்தைக்குள் நுழைந்ததும் அவர் முதலில் போவது பூண்டுக் கடைக்கு. கிலோக் கணக்கில் வாங்குவார். அந்தக் கடைக்காரச் சீனக்கிழவர் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே பையை விரித்துவிடுவார். அன்று அவர் பையை விரித்தார். சமோனிம் தலையை அசைத்துவிட்டுக் கடந்து போனார். மறந்துவிட்டாரோ என்று நான் ஒரு பிடி பூண்டை எடுத்துக் காட்டி, “மனுல்?” என்றேன்.

“அன் துவெயோ” என்று என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். கூடாது என்று அர்த்தம். வேண்டாம் என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். இது கூடாது.

மிளகாய்க் கடையிலும் நிற்கவில்லை. மீன் கடையில் நான் வழக்கம்போல் தெங்கிரியை, நம் வஞ்சிர மீனைக் காட்டினேன். அவர் விரும்பி வாங்கும் மீன் அது. ‘சம்சி’ என்று சொல்வார். அதற்கும் “அன் துவெயோ” என்றார். தலையும் வாலும் முழுசாக இருக்கும் ஒரு சிவப்பு மீனைக் காட்டி, வெட்டக் கூடாது என்று கையால் சைகை செய்தார். பழக்கடையில் பேரிக்காய்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சின்ன கறுப்புப் புள்ளி இருந்தாலும் வைத்துவிட்டார். எப்போதும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பவர் அன்று எதையும் முகரவில்லை. விலை கேட்கவும் இல்லை.

அப்படி ஒரு பெண் சாமான் வாங்குவதை நான் முன்பு பார்த்திருக்கிறேன். சிகாமட்டில் என் அண்ணன் வீட்டில் எங்கள் அம்மாவின் திதிக்கு அண்ணி அப்படித்தான் வாங்குவார். அன்று அவர் சமையலில் பூண்டும் வெங்காயமும் சேராது. வீட்டுக்கு வீடு இது மாறும். எங்கள் வீட்டில் அப்படி. படைக்கும்வரை யாரும் முகரக் கூடாது, உப்புப் பார்க்கக் கூடாது.

நான் பேரிக்காய்க் கூடையோடு நின்றுவிட்டேன். கேட்க வேண்டும். ஆனால் ‘யார்’ என்பதற்கு எனக்குச் சொல் தெரியாது. கடையில் யாருக்கு அது தேவைப்படும்? ‘எது’, ‘எங்கே’, ‘எவ்வளவு’, இவைதான் என் பாடத்தில் வந்திருந்தன. இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டுக் காட்டி, கண்ணால் கேட்டேன்.

அவர் கைப்பேசியை எடுத்தார். ஒரு வயதான பெண்ணின் படம். பனிக்காலக் கம்பளிச் சட்டை, கையில் முள்ளங்கி இலைக்கட்டு, சூரியனுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்.

“ஒம்மா” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, எனக்குப் புரியும் சொல்லாகத் தேடி, “ஒம்மா… ஒப்ஸொயோ.”

அம்மா இல்லை. பெரியவர்களைப் பற்றி அப்படிச் சொல்லமாட்டார்கள், அதற்கு மரியாதையான வேறு சொல் இருக்கிறது என்று மகள் பிறகு தேடிப் பார்த்துச் சொன்னாள். அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என்னிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தன் தாயைப் பற்றி, கீரை தீர்ந்துபோனதற்குச் சொல்லும் சொல்லைச் சொன்னார். பழக்கடைக்காரர் மலாயில், “எடுக்குறீங்களா இல்லையா?” என்று கேட்டார். எடுத்தோம்.

காரில் ஏறியபின் அவர் விரலை நிமிர்த்தி, மேலே புகை போவதுபோல் காட்டினார். கொரியன் மார்ட்டில் காய்ந்த மீனும் அரிசி மதுவும் கிடைத்தன, ஊதுபத்தி ஒப்ஸொயோ. அது எனக்குக் கவலையே இல்லை. செனாய்க்குத் திரும்பி, நான் வாடிக்கையாகப் போகும் நம் மளிகைக் கடைக்கு அழைத்துப்போனேன். கடைக்காரப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாருக்கா? சீனவங்களா?”

“கொரியா. எங்க மேனேஜர் வீட்டம்மா. ஊதுபத்தி வேணுமாம்.”

“சாமிக்கா?”

“அவங்க அம்மாவுக்கு.”

அவள் கை, எடுத்திருந்த மினுமினுப்பு அட்டைப் பெட்டியை விட்டது. “அப்போ இது வேணாம், ரோஜா வாசம். சந்தனம் எடுத்துக்குங்க” என்று உள்ளே போய் வேறு கட்டு கொண்டுவந்தாள். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தாள். சமோனிமும் இரண்டு கையாலும் வாங்கினார்.

கொண்டோ வாசலில் இறக்கிவிட்டு வந்திருக்கலாம். பைகள் கனமாக இருந்ததால் மேலே வரை தூக்கிப்போனேன். உள்ளே போனதும் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுத் தண்ணீர் கொடுத்தார். உட்கார்ந்ததும் என் கால்கள் எழுந்திருக்க மறுத்தன. அவர் ஒற்றை ஆளாகச் சமைக்கத் தொடங்கினார். நான் உட்கார்ந்தபடியே முள்ளங்கியைத் தோல் சீவினேன். சொல்லப்போனால், உதவி செய்தேன் என்பதைவிட எழுந்து வீட்டுக்குப் போகத் தெம்பில்லாமல் இருந்தேன் என்பதுதான் சரி. வீட்டிலும் எனக்கு ஒரு அடுப்பு காத்திருந்தது.

கணவருக்கு அழைத்தேன். “பிள்ளைங்களுக்குக் கடையில ஏதாச்சும் தாப்பாவ் கட்டி வாங்கிக்குங்க. எனக்கு லேட்டாகும்.”

“எங்க இருக்க? ஓவர்டைம் போட்டுக் குடுப்பாங்களா இதுக்கெல்லாம்?”

“மேனேஜர் வீட்டுல. அவங்க அம்மாவுக்குப் படையல்.”

“கொரியாக்காரங்களும் படைப்பாங்களா?”

“படைக்கிறாங்க.”

“சரி, இருந்துட்டு வா. காலி வயித்தோட இருக்காத.”

வெயில் சாயும் நேரத்தில் எல்லாம் தயாரானது. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் நகர்த்தினோம். மீன், பேரிக்காய், ஆப்பிள், சோறு, முள்ளங்கிச் சாறு. பழங்களின் தலைப்பக்கத்தை மட்டும் சீவி அடுக்கினார். மேலாளர் வரவில்லை, அன்று ஏற்றுமதி. பிள்ளைகள் இருவரும் அறையிலிருந்து வந்து சுருங்கிய சட்டையோடு நின்றார்கள். அச்சடித்த படம் எதுவும் இல்லை. கைப்பேசியைத்தான் ஒரு கிண்ணத்தின்மேல் சாய்த்து வைத்தார்.

பிறகு அவர் நேராகப் போய் வாசல் கதவை அகலத் திறந்தார். என்னைப் பார்த்தார். சரி, இனி குடும்பத்து விஷயம், நான் கிளம்ப வேண்டும் என்று புரிந்துகொண்டு பையை எடுத்து, செருப்பைத் தேடினேன். அவர் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

“ஒன்னி, ஆனியோ! ஒம்மா… ஒம்மாகா வாயோ.”

எனக்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. அம்மா வர்றாங்க. அதற்காகத்தான் கதவு.

வெளியே நீளமான நடைபாதை, எதிர்வீட்டுக் காலணி அலமாரி, யாரோ மின்தூக்கிக்காகக் காத்திருக்கும் சத்தம். மூவாயிரம் மைல் தாண்டி ஒருவர் வந்து சேர அந்தக் கதவு போதும் என்று அவர் நம்பினார். நான் பையைக் கீழே வைத்தேன்.

அவர் ஊதுபத்தி ஏற்றினார். தரையில் விழுந்து வணங்கினார், பிள்ளைகளும் வணங்கினார்கள். அவர் இரண்டாவது தடவை எழும்பும்போது கைப்பேசித் திரை மங்கி அணைந்துவிட்டது. அம்மா இருந்த இடத்தில் கறுப்பு. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து வந்து திரையைத் தொட்டார், படம் வந்தது. மறுபடி குனிந்தார், மறுபடி அணைந்தது. அதிலிருந்த எழுத்துகளெல்லாம் கொரியனில் இருந்தன, எங்கே போய் அதை மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மேசையருகே போய் உட்கார்ந்துகொண்டு, திரை மங்கத் தொடங்கும்போதெல்லாம் ஒரு விரலால் மெல்லத் தொட்டேன். அவர் நிம்மதியாக வணங்கட்டும் என்று. சந்தன வாசம் வந்தது. அந்த வாசத்தில் என் அம்மாவும் வந்திருக்கலாம். யார் கண்டது, கதவு திறந்துதானே இருந்தது. எனக்குக் கண்ணீர் வரவில்லை. தோள் வலித்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

படைத்து முடித்ததும் என்னை முதலில் உட்காரவைத்துச் சோறு போட்டார். காரமே இல்லாத சாப்பாடு. நான் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஒன்றும் நடக்காததுபோல் பூண்டுக் கடைக்குப் போனோம். கிழவர் பையை விரித்தார். காரில் அவர் தூங்கினார், நான் ஓட்டினேன். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேச முடியாததால் இல்லை. அதற்குள் என்னிடம் கொஞ்சம் சொற்கள் சேர்ந்திருந்தன. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு மேலாளரை வியட்நாம் தொழிற்சாலைக்கு மாற்றினார்கள். போகும்போது சமோனிம் ஒரு பெரிய ஜாடி மிளகாய்த்தூளையும் தன் தொப்பியையும் என்னிடம் கொடுத்தார். விமான நிலையத்துக்கு நிறுவனத்து வேன் அழைத்துப்போனது. வழியனுப்ப எனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் போனபின் வந்த முதல் சனிக்கிழமை மதியம்வரை தூங்கினேன். அருமையான தூக்கம். புது மேலாளர் குடும்பத்தோடு வந்தபோது அலுவலகத் தலைவர், “அம்மா, உங்களுக்குத்தான் பாஷை தெரியுமே லா” என்று ஆரம்பித்தார். “எனக்கு முதுகுவலி சார்” என்றேன். அது பொய்யில்லை.

போன மாதம் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு குரல்பதிவு வந்தது. பின்னணியில் சந்தை இரைச்சல், யாரோ வியட்நாமியில் கூவுகிறார்கள். “ஒன்னி” என்று தொடங்கி, ஒரு நீண்ட மூச்சு விட்டு, ஒரே ஒரு சொல் சொன்னார். எனக்குத் தெரியாத சொல். மகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

“ஹிம்துரொயோ. கஷ்டமா இருக்கு, களைப்பா இருக்குன்னு அர்த்தம். இது டிராமாவுல நிறைய வரும்மா. என்னா பதில் போடப் போறீங்க?”

“எனக்கும்தான்னு எப்படிச் சொல்றது?”

“நாதோயோ.”

பதிவுப் பொத்தானை அழுத்திச் சொன்னேன். என் குரல் எனக்கே கரகரத்துக் கேட்டது. மகள் அனுப்பிவிட்டு அறைக்குப் போனாள். நான் என் கணவரின் சட்டையை எடுத்துக் காலர் பக்கத்தை விரித்தேன்.